மனச்சோர்வும் பழைய அதிர்ச்சியும் வீட்டுக்குள் முடக்கிவிட்டால்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

என் தம்பி ஏற்காடு மலைப்பாதையில் நடந்த விபத்தில் இறந்தான். வண்டி ஓட்டியது நான். அதற்கப்புறம் பதினொரு மாதம், சேலம் குகைப் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குள்ளேயே கிடந்தேன். பிறகு மருந்து, பேச்சு சிகிச்சை, மறுபடி கொலுசுப் பட்டறை என்று மெல்ல வெளியே வந்தேன். இந்தச் சில வருடங்களில், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருக்கு ஆஸ்பத்திரியின் முதல் மனநல ஓ.பி.க்குத் (வெளிநோயாளர் பிரிவு) துணையாகப் போயிருக்கிறேன்.

ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். நாலாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். எழுந்து குளிக்கவே தெம்பில்லாதவரைக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். மூன்று நாளாகத் தூங்காதவரை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்கிறார்கள். அதனால் கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

1. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

"செத்துப் போயிட்டா தேவலை" என்ற நினைப்பு அடிக்கடி வருகிறதா? எப்படி என்ற யோசனையும் கூடவே ஓடுகிறதா? ஆமாம் என்றால் மற்ற படிகளெல்லாம் அப்புறம். இன்றைக்கே, இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உடனடி ஆபத்து என்றால் 108, இல்லையென்றால் நேராக ஜி.ஹெச். அவசரப் பிரிவு.

கூட இருப்பவர் செய்ய வேண்டியது: சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம். அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எல்லாவற்றையும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். அந்த வேகம் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அதுவரை ஆபத்தானது எதுவும் கைக்கு எட்டக்கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. அவர் மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்றும் அதன் 115ஆம் பிரிவு சொல்கிறது. பயந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

2. உங்களுக்கு இருப்பது ஒன்றா, இரண்டா என்று பிரித்துப் பாருங்கள்

மனச்சோர்வு வேறு, அதிர்ச்சியின் தழும்பு வேறு. பல நேரம் இரண்டும் சேர்ந்தே வரும். டாக்டரிடம் ஒன்றை மட்டும் சொன்னால் ஒன்றுக்கு மட்டும்தான் வைத்தியம் நடக்கும்.

மனச்சோர்வு என்றால்: பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருக்கும், அல்லது எதிலும் பிடிப்பு இருக்காது. கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் கெடும். தன்னைத் தானே குறைசொல்லிக்கொண்டே இருக்கத் தோன்றும். இது 2 வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதிர்ச்சி என்றால்: நடந்தது நினைவாக வராது, மறுபடி நடப்பது போலவே வரும். கெட்ட கனவு வரும். அந்த இடம், அந்தச் சத்தம், அந்தப் பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பீர்கள். யாராவது பின்னால் வந்து தொட்டால் தூக்கிவாரிப் போடும். இப்படி முதல் சில வாரங்கள் இருப்பது இயல்புதான், பலருக்குத் தானாகவே அடங்கும். 1 மாதம் தாண்டியும் வாழ்க்கையை நடத்தவிடாமல் இருந்தால் சிகிச்சை தேவை.

எனக்கு மலையிறங்கும் பஸ்ஸின் ஏர் ஹாரன்தான். அதைக் கேட்டால் பிரேக் தேய்கிற வாசனை மூக்கில் அடிக்கும். பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கும். முதல் டாக்டரிடம் இதை நான் சொல்லவே இல்லை. "தூக்கம் வரலைங்க" என்று மட்டும் சொன்னேன். தூக்கத்துக்கு மட்டும் மாத்திரை கிடைத்தது. நாலு மாதம் அப்படியே போயிற்று.

3. ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் போதும். அன்பு அதிகம் உள்ளவரைவிடப் பதற்றம் குறைவாக உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவார், அப்புறம் அவரைத் தேற்றுகிற வேலையும் உங்களுக்கே வரும். எனக்கு வாய்த்தவர் பக்கத்துப் பட்டறை அண்ணன். அதிகம் பேசமாட்டார்.

என்ன கேட்பது என்று தெளிவாக இருங்கள். "எனக்கு மனசு சரியில்லை" என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அறிவுரைதான் வரும். "வர்ற செவ்வாய்க்கிழமை காலையில என்கூட ஜி.ஹெச். வரணும், வேற எதுவும் வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கும் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

நடந்ததை அவரிடம் விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. அதிர்ச்சி கண்டவரை உடனே கிளறிக் கிளறிப் பேசவைப்பது நல்லதில்லை என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடும். தானாகச் சொன்னால் கேட்கலாம், பிடுங்கக் கூடாது.

4. போகும் முன் ஒரு தாள் எழுதி வையுங்கள்

டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் வாய் அடைத்துப்போகும். வெளியே வந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும். ஓ.பி.யில் கூட்டம் இருக்கும், உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அதனால் ஒரு பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

எப்போது தொடங்கியது. அதற்கு முன் என்ன நடந்தது (ஒரு வரி போதும்: "விபத்து, தம்பி இறந்தான், நான் ஓட்டினேன்"). இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம். கனவும் பழைய காட்சியும் வாரத்துக்கு எத்தனை தடவை. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா. குடிப்பழக்கம் உண்டா, எவ்வளவு. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், நாட்டு மருந்து உட்பட. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா.

இன்னொன்றும் விடாமல் எழுதுங்கள். எப்போதாவது இதற்கு நேர்மாறாக, நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாமல், தலைகால் தெரியாத உற்சாகத்தில், கையில் இருந்த காசையெல்லாம் செலவழித்துத் திரிந்ததுண்டா? அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. சாதாரண மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அந்த உற்சாகம் கட்டுக்கடங்காமல் போகக்கூடும்.

குடியை மறைக்காதீர்கள். நான் பார்த்தவரை அதிகம் மறைக்கப்படுவது அதுதான். தூக்கம் வருவதற்காகத்தான் குடிப்பதாகச் சொல்வார்கள். குடி தூக்கத்தைக் கெடுக்கும், சோர்வையும் கூட்டும், மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து.

5. ஜி.ஹெச். போகிற நாள்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு இல்லை. பணமில்லை என்பதற்காக யாரும் இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

காலையில் சீக்கிரம் போங்கள். ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், தண்ணீர், எழுதி வைத்த தாள், ஏதாவது சாப்பிட. வெறும் வயிற்றில் வரிசையில் நின்றால் படபடப்பு கூடும், பாதியில் திரும்பிவிடத் தோன்றும். ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசையில் துணைக்கு வந்தவர் நிற்கட்டும், நீங்கள் கூட்டம் குறைந்த பக்கமாக உட்காருங்கள். கதவைப் பார்த்த மாதிரி உட்காருவது நல்லது. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் அதிர்ச்சி கண்டவர்களால் அமைதியாக இருக்க முடியாது.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஒருமுறை நான் கூட்டிப் போன ஒருவர், எதிரே தன் தெருக்காரர் வருவதைப் பார்த்ததும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் தெருக்காரர் கையிலும் அதே பிரிவுக்கான சீட்டு இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது மறு ஓ.பி.க்குச் சேர்ந்தேதான் போகிறார்கள்.

முதல் நாளே இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைவு போன்றவையும் இதே மாதிரி சோர்வைக் கொடுக்கும். அவற்றை விலக்கிப் பார்த்தால்தான் வைத்தியம் சரியாகப் போகும்.

ஏற்காடு, மேல் கிராமங்கள் பக்கமிருந்து வருபவர்களுக்கு இதில் ஒரு நாள் கூலி போகும். காப்பி பறிப்பு நேரத்தில் அந்த ஒரு நாள் பெரிய விஷயம். மாவட்ட மனநலத் திட்டக் குழு, தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவதுண்டு. உங்கள் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று நர்ஸ் அம்மாவிடம் கேட்டு வையுங்கள். முதல் தடவை கீழே வந்து பார்த்துவிட்டு, மறு மாத்திரையைப் பக்கத்திலேயே வாங்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலையிலிருந்து வருபவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பஸ்ஸும் கூலியும்தான் பெரிய காரணம்.

கடைசியாக, பேச்சு சிகிச்சை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், பேச்சு சிகிச்சை தருபவர் பெரும்பாலும் உளவியலாளர். அதிர்ச்சிக்கு மாத்திரை கொஞ்சம்தான் உதவும். அதற்கென்றே உள்ள பேச்சு சிகிச்சைதான் நன்றாக வேலை செய்கிறது. பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் ஆகும்.

6. மாத்திரையின் முதல் 6 வாரம்

அதிகம் பேர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். காரணம் எளிமையானது: தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகு வரும்.

ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவைதான் அதிகம் எழுதப்படுபவை. முதல் ஒன்றிரண்டு வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒரு மாதிரியான பரபரப்பு வரலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். மனம் லேசாகத் தொடங்க 2 முதல் 4 வாரம், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று நிறுத்துபவர் தொந்தரவை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலன் வரும் முன்பே இறங்கிவிடுகிறார்.

இந்த முதல் வாரங்களில் கூட இருப்பவர் கவனமாக இருக்க வேண்டும், குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம். சிலருக்குச் சாகும் எண்ணம் இந்தச் சமயத்தில் கூடக்கூடும். பரபரப்பு அதிகமானால் மறு தேதி வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பேச்சு தவறு. பழகிப்போகிற அபாயம் உள்ளவை தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள். அவற்றைச் சீட்டில் எழுதிய நாட்களுக்கு மேல், மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதமாவது மருந்து தொடர வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், ஷாக் அடித்தது போன்ற வெட்டுகள் வரலாம். டாக்டர் சொல்லி, அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும்.

வீட்டில் கயிறு கட்டுவார்கள், மந்திரிப்பார்கள், கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். அதோடு சண்டை போட்டுத் தெம்பை வீணாக்காதீர்கள். கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரை வேளைக்கு உள்ளே போகட்டும். "இதைக் கட்டினால் அதை நிறுத்தணும்" என்று யாராவது சொன்னால் அங்கே மட்டும் உறுதியாக நில்லுங்கள்.

7. நாளைக்கு ஒரு வேலை, மனசு வரும் முன்பே

மருந்து வேலை செய்யத் தொடங்கும் சமயத்தில் இதை ஆரம்பியுங்கள். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. சின்னதாகச் செய்தால், செய்த பிறகு கொஞ்சம் மனசு வரும்.

எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள். இரவு எப்போது தூங்கினாலும் காலை ஒரே நேரத்தில் எழுந்து, பத்து நிமிடம் வாசல் வெயிலில் உட்காருங்கள். தூங்கும் நேரத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும். அது சரியானால் தூக்கமும் மெல்ல அதன் பின்னால் வரும்.

அப்புறம் ஒரு கை வேலை. பட்டறை அண்ணன் எனக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொலுசுக் கண்ணிகளைப் போட்டு, இடுக்கியோடு கொடுத்தனுப்பினார். "பத்து கோத்து வை தம்பி, சாயங்காலம் வாங்கிக்கிறேன்" என்றார். முன்பெல்லாம் அரை மணியில் ஒரு முழுக் கொலுசு கோத்தவன் நான். அன்றைக்குப் பத்துக் கண்ணிக்கு மத்தியானம் வரை ஆயிற்று. ஆறாவது கண்ணியில் வாய் சரியாக மூடவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடி நெரித்தேன். அந்த ஒரு நிமிடம் ஹாரனோ மலையோ எதுவும் நினைவில் இல்லை. மறுநாள் பன்னிரண்டு கோத்தேன்.

இதில் செய்யும் தவறு, நல்ல நாள் ஒன்று வந்ததும் விட்டதையெல்லாம் பிடித்துவிட நினைப்பது. அன்றைக்கு வீடு முழுக்கத் துடைத்து, பத்துப் பேருக்குப் போன் போட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்கள். நல்ல நாளிலும் அதே அளவுதான்.

8. பழைய காட்சி பாய்ந்து வரும்போது

முன்கூட்டியே, அமைதியாக இருக்கும் நேரத்தில் பழகி வையுங்கள். நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் 5 பொருள், தொட முடிந்த 4, காதில் விழும் 3, முகர முடிந்த 2, வாயில் ருசி 1 என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மூளை அந்த நேரத்தில் பழைய இடத்தில் இருக்கும், புலன்கள்தான் அதை இங்கே இழுத்து வரும்.

கூட இருப்பவர் கட்டிப்பிடிக்கவோ உலுக்கவோ வேண்டாம். எதிரே கண்ணில் படும்படி உட்கார்ந்து, பேர் சொல்லி, "நீ வீட்லதான் இருக்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றால் போதும்.

தீபாவளி வெடி, ஆடித் திருவிழா மேளம் இதெல்லாம் தேதி தெரிந்து வருபவை. எந்த அறையில் இருப்பது, யார் கூட இருப்பது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

9. தனிமையிலிருந்து படிப்படியாக வெளியே

இதை நான் ஒன்பதாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. தெம்பும் தூக்கமும் ஓரளவு திரும்பாமல் கூட்டத்துக்குள் போனால், தோற்றுத் திரும்பி வந்து இன்னும் ஆழமாக உள்ளே போய்விடுவோம்.

"நாலு நாள் ஏற்காடு போய் இருந்துட்டு வா, மலைக்காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்." சேலத்தில் மனசு சரியில்லாத எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. எங்கள் பெரியப்பா என்னிடமே சொன்னார். மலையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். உதவ வேண்டும் என்ற தவிப்பில் வாயில் வந்துவிட்டது. மனச்சோர்வு உள்ளவரைப் பழக்கமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால், பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு லாட்ஜ் கட்டிலில் தனியாகப் படுத்திருப்பார். முதல் பயணம் தெருமுனை வரைக்கும்தான் இருக்க வேண்டும்.

என் வரிசை இப்படி இருந்தது: வாசல் திண்ணை. காலை ஆறு மணிக்கு, கூட்டம் சேரும் முன், டீக்கடை. பட்டறையில் யாரோடும் பேசாமல் ஒரு மணி நேரம். சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் நின்று ஒரு தட்டு. பிறகு மூக்கனேரிக் கரையில் ஒரு நடை. விசேஷ வீடு கடைசியாக, அதுவும் அரை மணி நேரம், பந்தியில் வாசல் ஓரமாக இடம். ஒவ்வொரு படியும் சலிப்புத் தட்டும் வரை, பல தடவை. அப்புறம்தான் அடுத்தது.

"என்னப்பா ஆளையே காணோம்?" என்று கேட்பார்கள். இதற்குப் பயந்தே பலர் வெளியே வருவதில்லை. பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். "உடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க, இப்போ பரவாயில்லை. நீங்க எப்படி இருக்கீங்க?" கேள்வியைத் திருப்பிவிட்டால் பெரும்பாலானவர்கள் தங்கள் கதைக்குப் போய்விடுவார்கள்.

அதிர்ச்சி நடந்த இடத்துக்குத் திரும்பிப் போவது தனி வேலை. அதை உளவியலாளரின் வழிகாட்டுதலோடு மட்டும் செய்யுங்கள். நான் முதலில் மொட்டை மாடியில் நின்று சேர்வராயன் மலையைப் பார்த்தேன். அடுத்து அஸ்தம்பட்டி. அடுத்து அடிவாரம், ஒரு டீ. பிறகு அண்ணனோடு முதல் கொண்டை ஊசி வளைவு வரை. பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடக்கூடாது, பாதியாவது இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். உச்சத்தில் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். 20 வளைவுகளையும் பஸ்ஸில் கடக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

10. வீட்டாருக்கு

"எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு", "தைரியமா இரு", "மறந்துடு" மூன்றையும் விடுங்கள். "சாப்டியா, வா ஒரு வாய் சாப்பிடலாம்", "கடைக்குப் போறேன், கூட வர்றியா?" என்று கேளுங்கள். வரமாட்டேன் என்றால் கோபிக்காமல் மறுநாளும் கேளுங்கள். எங்கள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனையாவது நாள் சரி என்றேன் என்பது எனக்கு நினைவில்லை.

மாத்திரைப் பொறுப்பை ஒருவர் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாலு பேர் கேட்டால் விசாரணையாகிவிடும்.

11. நல்லபடியாக ஆகி வரும்போது

திரும்ப வரும் அறிகுறிகளை, தெளிவாக இருக்கும்போதே எழுதி அந்த ஒரு ஆளிடம் கொடுத்து வையுங்கள். எனக்கு: மூன்று நாள் சேர்ந்தாற்போல் சவரம் செய்யாதது, போனை எடுக்காதது. இதைப் பார்த்தால் என்னைக் கேட்காமலே ஓ.பி.க்குக் கூட்டிப் போகலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். 2017 சட்டப்படி, உங்களால் முடிவெடுக்க இயலாத நேரத்தில் உங்கள் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

வருடத்தில் ஒரு நாள் எப்படியும் கடினமாக இருக்கும், நடந்த தேதி. அதைக் காலண்டரில் வட்டமிட்டு, ஒரு வாரம் முன்பே மறு ஓ.பி. போய் வந்துவிடுங்கள், மாத்திரை தீராமல் இருக்க. அன்றைக்கு நான் பட்டறைக்கு லீவு சொல்லிவிடுவேன். காலையில் அம்மா தம்பிக்குப் பிடித்த தக்காளிச் சாதம் செய்வார். அண்ணன் பத்து மணிக்கு வருவார். மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.